குடும்ப மத்தியஸ்தராக வர என்ன வேண்டும்?



கடந்த நிகழ்ச்சியின் பின் ஒரு சகோதரி தொலைபேசியில் கேட்டார்: "அண்ணை, பிரியிற குடும்பங்களுக்கு நடுவில இருந்து கதைக்கிற மத்தியஸ்தராக வர என்ன படிக்க வேணும்? சட்டத்தரணியாக இருக்க வேணுமோ?"

பதிலுக்கு முன் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், தெரிந்த ஒரு குடும்பத்தில் பிரச்சினை என்று நானும் இன்னொரு பெரியவரும் சமரசம் செய்யப் போனோம். இருவரையும் ஒன்றாக இருத்தி, தேத்தண்ணி குடித்தபடி புத்தி சொன்னோம். அந்தத் தங்கச்சி தலையைக் குனிந்து, "சரி அண்ணை" என்றா. தீர்ந்தது என்று வந்துவிட்டோம். மூன்று மாதத்தில் அவ பிள்ளைகளோடு பெண்கள் பாதுகாப்பு இல்லத்துக்குப் போனா. அவர் அடிக்கிறவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஒருநாள் மன்னிப்புக் கேட்டேன். "அண்டைக்கு என்னைத் தனியக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றா.

பல வருடங்களின் பின் மத்தியஸ்தப் பயிற்சிக்குப் போனேன். அங்கே நான் முதலில் கற்றதும் அதுதான்: இருவரையும் சேர்த்து இருத்த முன்னர், ஒவ்வொருவரையும் தனியே கண்டு, பயம் உண்டா, அடி உண்டா என்று கேட்க வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஏப்ரல் முதல், பிள்ளைகள் அல்லது சொத்து விடயமாக நீதிமன்றம் போக முன், பெரும்பாலானோர் 'மயாம்' எனப்படும் தகவல் சந்திப்புக்குப் போக வேண்டும். வீட்டு வன்முறைக்கு ஆதாரம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு.

இனி, தகைமை. சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்கள், உளவள ஆலோசகர்களும் வருகிறார்கள். பட்டம் அல்லது அதற்கு ஈடான வேலை அனுபவம் எதிர்பார்க்கப்படும்.

முதற்படி, ஃபமிலி மீடியேசன் கவுன்சில் அங்கீகரித்த அடிப்படைப் பயிற்சி. அடுத்து, அந்தக் கவுன்சிலைச் சேர்ந்த அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, மேற்பார்வையாளர் ஒருவரை ஒழுங்கு செய்து, பயிற்சி நிலையில் உள்ளவராகப் பதிய வேண்டும். பின்னர் உண்மையான குடும்பங்களோடு வேலை செய்து, செய்ததை எழுதிக் கோப்பாகக் கொடுக்க வேண்டும். அது தேறினால்தான் முழு அங்கீகாரம். அதன் பிறகும் பயிற்சி நிற்காது. பிள்ளைகளோடு நேரடியாகக் கதைக்கத் தனிப் பயிற்சி உண்டு. 10 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்குத் தங்கள் மனதைச் சொல்லும் வாய்ப்புக் கொடுக்கப்பட வேண்டும் என்பது முறை.

ஊர்ப் பெரியவருக்கும் மத்தியஸ்தருக்கும் உள்ள வித்தியாசத்தையும் கவனியுங்கள். மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வதில்லை, புத்தி சொல்வதில்லை. முடிவு அந்த இருவருடையது. அதுவும் நீதிமன்றக் கட்டளையாக மாற்றப்பட்டால்தான் சட்டப்படி கட்டுப்படுத்தும். குடும்பத்தைத் தெரிந்தவர் என்பதால்தான் பெரியவரைக் கூப்பிடுகிறோம். மத்தியஸ்தரோ, தெரிந்த குடும்பம் என்றால் விலகிக்கொள்ள வேண்டும். எங்கள் சிறிய சமூகத்தில் இது இலகுவல்ல.

ஆனாலும் எங்கள் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும். "அவர் கொஞ்சம் கோபக்காரர்" என்று ஒரு பெண் சொன்னால், மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லை மட்டும் கொண்டுபோவார். தமிழ் தெரிந்த மத்தியஸ்தர் அந்த இடத்தில் நின்று, "கோபம் வந்தால் என்ன செய்வார்?" என்று கேட்பார்.

உதவி தேடுவோருக்கு இரண்டு சொல். 'மீடியேட்டர்' என்ற பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். அதற்குச் சட்டத் தடை இல்லை. ஆகவே கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் உண்டா என்று பாருங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க இருத்தாதீர்கள். தாய் தகப்பனின் பிரிவை ஒரு பிள்ளை தன் வாயால் சொல்லக்கூடாது.

அன்றைக்கு நாங்கள் நல்ல மனதோடுதான் போனோம். நல்ல மனது மட்டும் போதவில்லை.