ஒரு தொகுப்பும் அதன் வாசகர்களும்: டெட் சியாங்கின் கதைகளை முன்வைத்து



ஒரு கதையைப் படித்து முடித்ததும் நாம் முதலில் சொல்வது ‘பிடித்தது’ அல்லது ‘பிடிக்கவில்லை’ என்பதே. வகுப்பறையில் இச்சொற்களுக்கு மதிப்பெண் கிடைப்பதில்லை. ஆகவே, மாணவர் அவற்றை விரைவில் கைவிட்டு, ‘கருப்பொருள்’, ‘பாத்திரப் படைப்பு’, ‘உத்தி’ என எதிர்பார்க்கப்படும் சொற்களை எழுதப் பழகிவிடுகிறார். அப்பழக்கத்தில் ஒன்று கைநழுவிப் போகிறது. தம் கருத்து கதையின் எந்த இடத்தில் பிறந்தது என்று தேடிப் பார்க்கும் முயற்சியே அது. வாசகர் கருத்தை ஒரு மொழிச் சான்றாகக் கொண்டு ஆராய இயலும் என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் செய்தி. அதற்கு எடுத்துக்காட்டாக, வாசகர்களைப் பலவாறு பிரித்துவைத்த ஒரு நூலை எடுத்துக்கொள்கிறேன்.

அந்நூலின் ஆசிரியர் டெட் சியாங். சீனக் குடியேறிகளின் மகனாக 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். பிரவுன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயின்றவர். தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் பணியில் இருந்துகொண்டே கதைகள் எழுதியவர். மிகக் குறைவாக எழுதுபவர். 1990ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாபிலோன் கோபுரம்’ என்னும் முதல் கதைக்கே நெபுலா விருது பெற்றார். எட்டுக் கதைகள் கொண்ட அவருடைய முதல் தொகுப்பு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. ‘ஸ்டோரிஸ் ஆஃப் யுவர் லைஃப் அண்ட் அதர்ஸ்’ என்னும் அதன் தலைப்பை ‘உன் வாழ்வின் கதைகளும் பிறவும்’ எனத் தமிழாக்கலாம். அவ்வெட்டனுள் மொழியியலார் ஒருவரைத் தலைமை மாந்தராகக் கொண்டது ‘உன் வாழ்வின் கதை’. 1998இல் முதன்முதலாக வெளிவந்த இக்கதையே 2016இல் ‘அரைவல்’ என்னும் திரைப்படமாயிற்று.

கதையின் சுருக்கம் இது. ஏழு உறுப்புகள் உடைய அயலுலக உயிர்கள் பூமிக்கு வருகின்றன. அவற்றின் மொழியைக் கற்க லூயிஸ் பேங்க்ஸ் என்னும் மொழியியலார் அழைக்கப்படுகிறார். அவ்வுயிர்களின் பேச்சுக்கும் எழுத்துக்கும் தொடர்பில்லை. எழுத்து, வரிசையாக ஓடாமல் ஒரே வடிவமாகப் பின்னப்படுகிறது. முதற்கோட்டை இழுக்கும்போதே முழுக் கருத்தும் எழுதுபவர் மனத்தில் நிறைவுற்றிருக்க வேண்டும். அதைக் கற்கக் கற்க லூயிஸுக்குக் காலமும் அவ்வாறே முழுமையாகத் தெரியத் தொடங்குகிறது. இன்னும் பிறவாத தம் மகளின் வாழ்வு முழுவதும், இருபத்தைந்தாம் வயதில் மலையேற்ற விபத்தில் அவள் இறப்பதுவரை, அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கதை முழுவதும் அம்மகளை நோக்கியே சொல்லப்படுகிறது.

இத்தொகுப்பைப் பற்றி வாசகரிடையே அடிக்கடி எழும் கருத்துகளுள் நான்கினை எடுத்துக்கொள்வோம்.

முதற்கருத்து: ‘சிந்தனை ஆழமானது, ஆனால் மனிதர்கள் குளிர்ந்துபோயிருக்கிறார்கள்.’ இதே கதையைப் படித்துக் கண்ணீர் விட்டதாகச் சொல்பவர்களும் பலர். ஒரே கதை சிலருக்குக் குளிர்ச்சியாகவும் சிலருக்கு உருக்கமாகவும் இருப்பது எவ்வாறு? விடை கதையின் வினைச்சொற்களில் இருக்கிறது. கதை இரு வகைப் பகுதிகளாக மாறி மாறிச் செல்கிறது. அயலார் மொழியைக் கற்கும் பகுதிகள் இறந்தகாலத்தில், ஆய்வறிக்கையின் நிதானத்தோடு அமைந்துள்ளன. மகளைப் பற்றிய பகுதிகள் முன்னிலையில், எதிர்காலத்தில் அமைந்துள்ளன. தாய் ‘நினைவிருக்கிறது’ என்பார். அடுத்து வரும் வினையோ இனி நடக்கப்போவதைச் சொல்லும். நினைவும் எதிர்காலமும் ஒரு தொடரில் சேர்வது ஆங்கிலத்தில் முரண். அம்முரணில் இடறி நின்றவர் உருகுகிறார். ஆய்வுப் பகுதிகளிலேயே கவனம் தங்கியவர் குளிர்ச்சியை உணர்கிறார். இருவரும் கதையில் உள்ளதையே சொல்கிறார்கள்; அவரவர் நின்ற இடம் வேறு.

இதைத் தமிழில் பெயர்க்க முயன்றால் நம் மொழியைப் பற்றியும் ஓர் உண்மை தெரியவரும். ‘பள்ளி விட்டதும் நீ ஓடி வருவாய், நான் உன்னைத் தூக்கிக்கொள்வேன்’ என்று ஒரு தாய் சொல்வதாகக் கொள்வோம். இது இனி நடக்கப்போவதா, முன்பு நாள்தோறும் நடந்ததா? தமிழில் இரண்டும் பொருந்தும். ‘அந்தக் காலத்தில் தாத்தா விடியற்காலையில் எழுந்துவிடுவார்’ என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். எதிர்கால வடிவமே கடந்தகால வழக்கத்தையும் குறிக்கிறது. ஆகவே, அத்தாயின் சொற்களைத் தமிழ் வாசகர் முதலில் ‘வளர்ந்துவிட்ட மகளின் குழந்தைப் பருவ நினைவு’ என்றே கொள்ளக்கூடும். ஆங்கில வாசகரை இடறச் செய்த முரண் தமிழில் மறைந்துவிடும். ஆனால், ஒருமுறை மட்டுமே நிகழ்வதற்கு வழக்கப்பொருள் இல்லை. ‘நீ இறந்துவிடுவாய்’ என்னும் தொடருக்கு எதிர்காலம் ஒன்றே பொருள். அதுவரை நினைவாக ஒலித்தவை எல்லாம் அவ்விடத்தில் ஒரு நொடியில் எதிர்காலமாக மாறும். மூலத்தில் தொடர்தோறும் சிறிது சிறிதாக நேரும் அதிர்வு, தமிழில் மகளின் இறப்பைச் சொல்லும் ஒரு தொடரில் மொத்தமாக வந்து சேரும். மொழிபெயர்ப்பாளர் இதைப் பேறாகக் கொள்வதா, இழப்பாகக் கொள்வதா என்பதை மாணவரிடம் விவாதத்திற்கு விடலாம்.

காலம் மயங்குவது நம் இலக்கணத்திற்குப் புதிதன்று. உண்ண அழைத்தால், இருக்கையை விட்டு இன்னும் எழாதவரும் ‘இதோ வந்துவிட்டேன்’ என்கிறார். எதிர்காலச் செயலை விரைவு கருதி இறந்தகாலத்தால் சொல்லும் இவ்வழக்கை நன்னூல் காலவழுவமைதி என ஏற்றுக்கொள்கிறது.

இரண்டாம் கருத்து மொழியியல் கற்றவர்களுடையது: ‘மொழியைக் கற்றால் காலத்தையே வேறாகக் காணலாம் என்பது அறிவியலுக்குப் பொருந்தாது.’ எட்வர்ட் சபீர், பெஞ்சமின் லீ வோர்ஃப் ஆகியோர் பெயரால் வழங்கும் கருதுகோளை இவ்வாசகர்கள் கருத்தில் கொள்கிறார்கள். தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிக்கொண்டே மொழிகளை ஆராய்ந்த வோர்ஃப், ஹோப்பி மொழியின் காலக் கருத்து ஐரோப்பிய மொழிகளினின்றும் அடிப்படையில் வேறுபட்டது என வாதிட்டார். எக்கெஹார்ட் மலோட்கி 1983ஆம் ஆண்டு வெளியிட்ட விரிவான நூல், காலத்தைக் குறிக்கும் சொற்களும் வடிவங்களும் ஹோப்பியில் ஏராளமாக இருப்பதைச் சான்றுகளோடு காட்டியது. மொழி சிந்தனையைச் சிறைப்படுத்துகிறது என்னும் வலிய கொள்கையைப் பெரும்பாலான மொழியியலார் இன்று ஏற்பதில்லை. மொழி நம் கவனத்தைச் சில திசைகளில் பழக்கப்படுத்துகிறது என்னும் மென்மையான கொள்கையே ஆய்வுக்குரியதாக நிற்கிறது.

எனவே, இவ்வாசகர்களின் கருத்து துறையளவில் சரியானது. எனினும், அதைக் கொண்டு கதையைத் தள்ளிவிட முடியுமா? கதை தன் வாதத்தை மொழியியலின்மேல் மட்டும் கட்டவில்லை. பியர் டி ஃபெர்மா 1662இல் முன்வைத்த ஒளிக் கோட்பாட்டையும் அது துணைக்கு அழைக்கிறது. காற்றிலிருந்து நீருக்குள் புகும் ஒளி வளைகிறது. ஊடகம் மாறியதால் வளைந்தது என்று காரணம் சொல்லலாம். சேருமிடத்தை மிகக் குறைந்த நேரத்தில் அடையும் வழியில் ஒளி சென்றது என்றும் விளக்கலாம். கணக்கில் இரண்டும் ஒன்றே. முதல் விளக்கம் காரணத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டாவது முடிவிலிருந்து தொடங்குகிறது. மனிதர் முதல் விளக்கத்தில் வாழ்கிறார்கள், அயலுயிர்கள் இரண்டாவதில் வாழ்கின்றன என்பதே கதையின் கற்பனை. மேலும், அறியாத மொழியை ஒலிப்பதிவை மட்டும் கேட்டுக் கற்க இயலாது, பேசுபவரோடு நேரில் பழகியே கற்க வேண்டும் என்று லூயிஸ் வற்புறுத்துகிறார். களப்பணி செய்த எவரும் இதனை ஒப்புவர். ஆகவே, துறைக்குப் பொருந்தாதது எது, கதைக்குள் பொருந்துவது எது என்று பிரித்துச் சொல்லும்போதுதான் வல்லுநரின் கருத்து நிறைவு பெறும்.

மூன்றாம் கருத்து அறம் பற்றியது: ‘மகள் இறப்பாள் என அறிந்தும் தாய் ஏன் தடுக்கவில்லை?’ சில வாசகர்கள் இதற்காக லூயிஸை மன்னிப்பதில்லை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். திரைப்படத்தில் மகள் வளரிளம் பருவத்தில், தீராத நோயால் இறக்கிறாள். நோயைத் தாயால் தடுக்க இயலாது. அந்த மகளைப் பெற்றுக்கொள்வதா என்பதே அங்கு எழும் கேள்வி. கதையிலோ விபத்து. ‘இன்று மலையேறப் போகாதே’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்று வாசகர் மனம் தவிக்கிறது. படத்தின் வழியே கதைக்கு வந்தவரும் கதையை மட்டும் படித்தவரும் ஒரே கேள்வியைக் கேட்பதுபோல் தோன்றினாலும், அவர்கள் கேட்பவை வெவ்வேறு கேள்விகள். எந்தப் பனுவலைப் பற்றிய கருத்து இது என்று கேட்டுத் தெளிவது விமர்சனத்தின் முதல் ஒழுங்கு.

இக்கேள்விக்குக் கதை தரும் விடையும் மொழியைச் சார்ந்ததே. திருமணத்தில் சொல்லப்படவிருக்கும் சொற்கள் கூடியிருக்கும் அனைவருக்கும் முன்பே தெரியும்; ஆயினும், அவை சொல்லப்பட்ட பின்னரே திருமணம் நிறைவேறுகிறது. சில கூற்றுகள் செய்தியைத் தெரிவிப்பதோடு நில்லாமல் செயலையே நிகழ்த்துகின்றன என்று ஜே. எல். ஆஸ்டின் விளக்கினார். அயலுயிர்களுக்கு எல்லாப் பேச்சும் அத்தகையது. தெரிந்ததை நிறைவேற்றுவதே அவற்றின் பேச்சு. பலமுறை கேட்ட கதையையே மகள் மீண்டும் படிக்கச் சொல்லும் இடமும் கதையில் உண்டு. தெரிந்த கதையை எதற்குக் கேட்கிறாய் என்றால், கேட்க வேண்டும் என்பதே அவள் பதில். குழந்தைக்குக் கதை சொன்ன எவருக்கும் அது புதிதன்று. இவ்விடங்களைச் சுட்டிக்காட்டிய பின்னும் ஒரு மாணவர் ‘தாய் செய்தது தவறே’ என்று நிலைநின்றால், அது மதிக்கத்தக்க கருத்து. கதை சொன்னதை அவர் கேட்டுவிட்டார். கேட்ட பின்னரே மறுக்கிறார்.

நான்காம் கருத்து ஆசிரியரின் சார்பு பற்றியது. ‘கடவுள் இல்லாமையே நரகம்’ என்னும் கதையில் வானதூதர்கள் பூமிக்கு வரும்போதெல்லாம் சிலர் நலம் பெறுகிறார்கள், சிலர் உயிரிழக்கிறார்கள். அவ்வாறு மனைவியை இழந்தவனே கதையின் நாயகன். இது சமயத்தை எள்ளுகிறது என்று சில வாசகர்களும், இறைநம்பிக்கையை இத்துணைத் தீவிரமாக எடுத்துக்கொண்ட கதை அரிது என்று சில வாசகர்களும் கருதுகிறார்கள். துன்பங்களுக்குப் பின் யோபுவுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்துவிடுவது தமக்கு நிறைவளிக்கவில்லை என்று சியாங் நூலின் பின்குறிப்பில் எழுதியுள்ளார். கைம்மாறு இல்லாத பக்தி இருக்க முடியுமா என்பதே கதையின் கேள்வி. கேள்வியைக் கண்டவர் ஒரு வகையாகவும், விடையைத் தேடியவர் வேறு வகையாகவும் படித்திருக்கிறார்கள்.

தொகுப்பின் இறுதிக் கதையோ முழுவதும் கருத்துகளாலேயே ஆனது. முக அழகை உணரும் திறனை மட்டும் தற்காலிகமாக நிறுத்தும் மருத்துவ முறையைக் கல்லூரி ஒன்றில் அனைவருக்கும் கட்டாயமாக்கலாமா என்பது விவாதம். மாணவர், பேராசிரியர், மருத்துவர், விளம்பரத் துறையினர் எனப் பலரும் தம் கருத்தைச் சொல்கிறார்கள்; கதைசொல்லி என்று எவரும் இல்லை. அவ்விவாதத்தில் பலரை மனம் மாற்றிய ஓர் உரையில், பேச்சாளரின் குரலும் முகபாவமும் கணினியால் மெருகேற்றப்பட்டிருந்தது பின்னர் தெரியவருகிறது. கேட்டவர்கள் வாதத்திற்கு இசைந்தார்களா, குரலுக்கு இசைந்தார்களா? இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இக்கேள்வி இன்றைய மாணவருக்கு இன்னும் நெருக்கமானது. இக்கதை ஹியூகோ விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டபோது, தாம் விரும்பியவாறு அது அமையவில்லை என்று கருதிய சியாங் அப்பரிந்துரையை ஏற்க மறுத்தார். வாசகரின் பாராட்டும் படைப்பாளியின் மதிப்பீடும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆசிரியப் பெருமக்களே, மேற்கண்ட நான்கினின்றும் வகுப்பறைக்கு மூன்று கேள்விகளைப் பெறலாம். உன் கருத்தைத் தூண்டிய தொடர் எது? உன் கருத்து கதையைப் பற்றியதா, கதை பேசும் துறையைப் பற்றியதா, உன்னைப் பற்றியதா? உன்னோடு மாறுபடுபவர் அதே தொடரை எவ்வாறு படித்தார்? ‘பிடிக்கவில்லை’ என்று எழுதிய மாணவரிடம் இம்மூன்றையும் கேளுங்கள். விடை தேடும்போது அவர் வினையின் காலத்தையும், முன்னிலையையும், சொல் செய்யும் செயலையும் தாமே கண்டடைவார். இலக்கணம் அவருக்குத் தேர்வுக்கு மனனம் செய்யும் விதியாக இராது. தம் மனம் ஏன் அசைந்தது என்பதை விளக்கும் கருவியாகும்.

மாணவ மணிகளே, உங்கள் கருத்தை அஞ்சாது சொல்லுங்கள். சொன்னதும் நூலை மீண்டும் திறந்து, அக்கருத்து பிறந்த இடத்தைத் தேடுங்கள். தமிழில் எழுதப்படும் அறிவியல் புனைகதைகளுக்கும் இத்தகைய வாசகர்களே தேவை. பாராட்டு ஒரு நாளில் மறைந்துவிடும். ‘இந்தத் தொடர் என்னை நிறுத்தியது’ என்று ஒரு வாசகர் சொல்வது, எழுதுபவர் அடுத்த கதையை எழுதும்போதும் அவருடன் இருக்கும்.