பவுலின் குடியுரிமையும் நம் வாக்குரிமையும்

(வானொலி மறையுரை: 25 சனவரி 2025, திருத்தூதர் பவுல் மனமாற்ற விழா. வாசகம்: திருத்தூதர் பணிகள் 22:3-16)



இன்று திருஅவை புனித பவுலின் மனமாற்ற விழாவைக் கொண்டாடுகிறது. இதே நாளை நம் நாடு தேசிய வாக்காளர் நாளாகக் கடைப்பிடிக்கிறது. 1950ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், நாடு குடியரசு ஆவதற்கு முந்தின நாள், இந்தியத் தேர்தல் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் நினைவாக 2011 முதல் இந்த நாள் வாக்காளர் நாளாக இருக்கிறது. இரண்டும் ஒரே தேதியில் வருவது தற்செயல்தான். ஆனால் பவுலின் வாழ்க்கையிலேயே இரண்டையும் இணைக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு.

இன்றைய முதல் வாசகத்தில் பவுல் எருசலேமில் தம்மைச் சூழ்ந்த கூட்டத்திடம் தம் மனமாற்றத்தை எடுத்துச் சொல்கிறார். வாசகம் முடியும் இடத்தோடு விவிலியத்தை மூடிவிடாமல் அடுத்த சில வசனங்களையும் படித்துப் பாருங்கள். கூட்டம் கொதித்தெழுகிறது. படைவீரர்கள் பவுலைக் கோட்டைக்குள் கொண்டுபோய், சாட்டையால் அடித்து விசாரிப்பதற்காகக் கட்டுகிறார்கள். அப்போது பவுல் பக்கத்தில் நின்ற நூற்றுவர் தலைவரைப் பார்த்து, தீர்ப்பு வழங்காமலே ஓர் உரோமைக் குடிமகனை அடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியில் சாட்டை நின்றுவிடுகிறது. ஆயிரத்தவர் தலைவரே வந்து விசாரிக்கிறார். தாம் பெருந்தொகை கொடுத்து இந்தக் குடியுரிமையை வாங்கியதாக அவர் சொல்கிறார். பவுலோ, தமக்கு அது பிறப்பிலேயே வந்தது என்கிறார்.

நம் தாய்நாடு விண்ணகமே என்று பிலிப்பியருக்கு எழுதியவரும் இதே பவுல்தான். விண்ணகத்தை நம்பியதால் மண்ணில் தமக்கிருந்த உரிமையை அவர் வேண்டாம் என்று ஒதுக்கிவிடவில்லை. நீதிக்காகவும் நற்செய்திக்காகவும் அதைப் பயன்படுத்தினார். பின்னர் சீசரிடமே மேல்முறையீடு செய்து, அந்த வழியாகவே உரோமை வரை சென்று கிறிஸ்துவை அறிவித்தார். "சாமி, கோயிலுக்கு வர்றவங்களுக்கு அரசியல் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்குப் பவுலின் வாழ்க்கையே பதில்.

நமக்கும் இந்த உரிமை பிறப்பால் வந்திருக்கிறது. ஆனால் நம் முன்னோருக்கு அப்படி வரவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் சொத்து உள்ளவர், வரி கட்டுபவர், படித்தவர் என்று சிலருக்கே வாக்கு இருந்தது. கூலி வேலை செய்தவருக்கு இல்லை. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்புச் சட்டம் ஏழை, பணக்காரர், ஆண், பெண், எந்தச் சாதி என்று பாராமல் 21 வயது நிறைந்த அனைவருக்கும் வாக்களித்தது. அந்தச் சட்டத்தை எழுதிய அவையில் நம் அருள்தந்தை ஜெரோம் டிசூசா என்ற இயேசு சபைக் குருவும் உறுப்பினராக இருந்தார். 1989இல் 61ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது வயது 18 ஆனது. 18 வயதில் உங்களுக்கு விவரம் உண்டு என்று நாடு நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கையை நீங்கள் மதிக்க வேண்டாமா?

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலின்போது வடமாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள் என்று மட்டுமே சொன்னார்கள். அவ்வாறு சொந்தப் பெயர் பதியாத ஏறக்குறைய 28 லட்சம் பெண்களை, தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. பெயர் இல்லாததால் வாக்கும் இல்லாமல் போனது.

இன்று நம் மாவட்டத்துக்கு வருவோம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே மிகுதியாக வாக்குப் பதிவானது நம் தருமபுரித் தொகுதியில்தான். மாநிலம் முழுவதும் சுமார் 70 விழுக்காடு என்றால் இங்கே 81 விழுக்காட்டுக்கும் மேல். 2021 சட்டமன்றத் தேர்தலில் நம் பாலக்கோடு 87 விழுக்காட்டைத் தாண்டி மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது. மழை பார்த்து வாழ்கிற, பிழைப்புக்கு வெளியூர் போகிற மக்கள் பேருந்து ஏறி வந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த விழுக்காடு, பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. பெயரே சேர்க்காத பிள்ளை இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

பெங்களூருவில் கட்டட வேலையிலும், ஓசூரில் கம்பெனியிலும், திருப்பூரில் பனியன் கம்பெனியிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! கேட்டால், "நான் ஒருத்தன் போடலன்னா என்ன ஆயிடப் போவுது?" என்கிறார்கள். நாளை ஞாயிறு திருப்பலியில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய மடலிலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்படும். நான் கை இல்லை, ஆகவே உடலைச் சேர்ந்தவன் இல்லை என்று கால் சொல்ல முடியாது என்பது அதன் கருத்து. கால் சொல்லாததை நாம் சொல்லலாமா?

தம்பி தங்கைகளே, செய்ய வேண்டியது கடினமானதன்று. 17 வயது முடிந்தாலே படிவம் 6இல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். முன்பு சனவரி 1ஆம் நாளை மட்டும் வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். இப்போது சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள் என நான்கு நாள்கள் உண்டு. வீடு மாறியவருக்கும் பிழை திருத்துபவருக்கும் படிவம் 8. ஒருவருக்கு ஓர் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும். உங்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலரைக் கேளுங்கள். 1950 என்ற எண்ணிலும் விவரம் கிடைக்கும். வெளியூரில் வேலை செய்பவர்களே, வாக்குப்பதிவு நாளில் சம்பளம் பிடிக்காமல் விடுமுறை தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு கடமை முடிவதில்லை. நாளை குடியரசு நாள், கிராம சபை கூடும் நாள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் அழைப்பிதழ் தரத் தேவையில்லை. இம்மாதம் 5ஆம் நாளோடு நம் மாவட்ட ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். தலைவர் இல்லாத இந்த நாள்களில் கேள்வி கேட்கும் பொறுப்பு மக்களுக்கு இன்னும் கூடுகிறது. ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல் கறைபட்ட தலைமுறை நம்முடையது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தத் தண்ணீர் உங்கள் தெருக் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது? இதைக் கேட்க வேண்டிய இடம் டீக்கடை பெஞ்சும் வாட்சப்பும் மட்டும்தானா? சபையில் எழுந்து கேளுங்கள். நிறைவேறும் தீர்மானத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக, நாம் பேசக் கூச்சப்படும் ஒன்று. ஆயிரத்தவர் தலைவர் பெரும்பணம் கொடுத்து வாங்கியதை, பிறப்பிலேயே பெற்ற நாம் சில நூறு ரூபாய்க்கு விற்கிறோம். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம், ஓராண்டு வரை சிறைக்குரியது. திருஅவையின் பார்வையில் அது பாவம். "வாங்கிட்டோம், சத்தியம் பண்ணிட்டோம் சாமி, இப்ப மாத்திப் போட்டா தெய்வக் குத்தம் ஆகாதா?" என்று சில தாய்மார்கள் உண்மையாகவே கலங்குகிறார்கள். தெளிவாகச் சொல்கிறேன்: தவறான காரியத்துக்குச் செய்த சத்தியம் யாருடைய மனச்சான்றையும் கட்டாது. வாங்கியதற்காக மனம் வருந்துங்கள், இனி வாங்காதீர்கள். வாக்கை உங்கள் மனச்சான்று சொல்பவருக்கே போடுங்கள். இளையோரே, வீட்டுக்கு அந்தக் கவர் வரும்போது, "எங்க வீட்டுக்கு வேண்டாம்" என்று சொல்லும் முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

யாருக்குப் போடுவது என்று நான் சொல்லமாட்டேன். பலிபீடம் எல்லாக் கட்சிக்காரருக்கும் பொதுவானது. பொதுநலனுக்காகச் சுதந்திரமாக வாக்களிப்பது குடிமக்களின் உரிமையும் கடமையும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே கற்பித்தது. கடந்த ஆண்டு சூலையில் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பேசிய திருத்தந்தை பிரான்சிஸ், அக்கறையின்மை மக்களாட்சியைப் புற்றுநோய்போல் அரிக்கும் என்று எச்சரித்தார். சாதி, பணம், பயம் இவற்றைத் தள்ளிவைத்து, ஏழைக்கு எவர் உதவுவார் என்று யோசித்து, இறைவேண்டல் செய்து முடிவெடுங்கள்.

ஆண்டவரே, எங்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தவரே, எங்கள் பிள்ளைகளுக்குப் பவுலின் துணிவைத் தாரும். உம்முடைய கொடையாகப் பெற்ற உரிமையை விற்காமல், வீணாக்காமல், எளியவரின் நலனுக்காகப் பயன்படுத்தும் நல்ல மனத்தைத் தாரும். ஆமென்.

– பங்குத்தந்தை, ஏரியூர்