மூன்று இலக்கங்கள் தரும் விடை



நாம் அஞ்சலில் அனுப்பிய கடிதம் உரியவரைச் சேராது திரும்பி வருமாயின், உறையின் மீதுள்ள குறிப்பையே முதலில் நோக்குகின்றோம். விலாசம் பிழையோ, வீடு மாறிச் சென்றனரோ, ஏற்க மறுத்தனரோ என்பதை அக்குறிப்பு அறிவிக்கும். அதனை வாசியாது மனம் வருந்துதல் பேதைமையாகும். இணையத்திலும் இத்தகைய குறிப்பொன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பரீட்சைப் பெறுபேறுகள் வெளியான இரவில், மாணவி ஒருத்தி தன் தாயாருடன் அழுதவண்ணம் என் இல்லத்துக்கு வந்தாள். "ஐயா, சுட்டெண்ணைப் பதிந்தேன், பெறுபேறு வரவில்லை. நான் சித்தியடையவில்லைப் போலும்" என்றாள். கைபேசியின் திரையில் 503 என்னும் எண் இருந்தது. அவ்வெண் அவளைப் பற்றி ஒன்றுமே கூறவில்லை. "யான் இப்போது சேவை வழங்க இயலாத நிலையில் இருக்கின்றேன், பின்னர் வருக" என்று வழங்கிக் கணினி தன்னைப் பற்றியே கூறியது. விடியற்காலையில் மீண்டும் பார்த்தோம். அவள் சித்தியடைந்திருந்தாள்.

நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது எமது உலாவி வழங்கிக்கு வேண்டுகோள் விடுக்கின்றது. வழங்கி தரும் மறுமொழியின் தலைப்பிலே மூன்று இலக்க எண் ஒன்று அமைந்திருக்கும். 1991ஆம் ஆண்டில் ரிம் பேர்ணேர்ஸ்-லீ வகுத்த எளிய விதிமுறையில் இவ்வெண்கள் இருக்கவில்லை. 1996ஆம் ஆண்டில் வெளியான விதிமுறையில் இவை இடம்பெற்றன.

முதல் இலக்கமே வகையைக் காட்டும். 1 எனின் வேலை நடைபெறுகின்றது. 2 எனின் நிறைவேறியது. 3 எனின் வேறிடம் செல்க. 4 எனின் வேண்டுகோளில் குறை. 5 எனின் வழங்கியில் குறை. எனவே 404 தோன்றினால் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் வேண்டும். 403 எனின் அனுமதி இல்லை. 301 எனின் பக்கம் நிரந்தரமாக இடம் மாறியது. 410 எனின் நீக்கப்பட்டுவிட்டது. சட்டத்தின் காரணமாகத் தடுக்கப்பட்ட பக்கத்துக்கு 451 என்னும் எண் 2016ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. நூல்களை எரிக்கும் ஒரு சமுதாயத்தைப் பற்றி றே பிராட்பரி 1953ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலின் பெயரிலிருந்து அவ்வெண் எடுக்கப்பட்டதென்பது இலக்கிய அன்பர்க்குச் சுவை பயக்கும்.

திரையில் எண் தோன்றாவிடினும் அதனைக் காணலாம். கணினியில் உலாவியைத் திறந்து, எஃப் 12 என்னும் விசையை அழுத்தி, 'நெற்வேர்க்' என்னும் பகுதிக்குச் சென்று, பக்கத்தை மீள ஏற்றினால், ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் கிடைத்த எண் நிரலாகத் தோன்றும்.

பாடசாலைக்கென இணையத்தளம் நடத்தும் ஆசிரியர்கட்கு ஒரு சொல். சில தளங்களில் "பக்கம் இல்லை" என்று எழுத்திற் கூறிக்கொண்டே, எண்ணில் 200, அதாவது நிறைவேறியது, என அறிவிக்கும் முரண்பாட்டைக் காணலாம். மனிதர் எழுத்தை வாசிப்பர். தேடுபொறியோ எண்ணையும் நோக்குவதால், இல்லாத பக்கத்தை உள்ளதாகக் கொள்ள நேரிடும். ஆதலின் இல்லாத முகவரியொன்றை வேண்டுமென்றே பதிந்து, 404 வருகின்றதா எனச் சோதித்தல் நன்று.

மாணவச் செல்வங்களே, திரை வெறுமையாகும் வேளையில் உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். பிழை எவர் பக்கத்தது என்பதை முதல் இலக்கத்தைக் கொண்டு அறிந்து, அதன் பின்னர் ஆவன செய்யுங்கள்.