காசிமேடு மீனும் ஒரு ஈ.சி.ஜி.யும்

(குடும்ப விழாவில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியது)

இப்போது நாம் பார்த்து முடித்த 'தெனாலி', 2000-ல் கே.எஸ். ரவிகுமார் இயக்கி, கிரேசி மோகன் வசனம் எழுதிய படம். தொட்டதற்கெல்லாம் பயப்படும் நோயாளி கமல். அவரைக் குணப்படுத்த வேண்டிய மனநல டாக்டர் ஜெயராம். கடைசியில் யாருக்கு வியாதி? டாக்டருக்குத்தான்! மனைவி மேலேயே சந்தேகம்.

சிரித்தோம். ஆனால் நம் வீட்டுக் கதையும் இதுதான்.

போன வருடம் எனக்கு நெஞ்சில் லேசான வலி. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போவதாகச் சொல்லி, ரகசியமாக ஈ.சி.ஜி. எடுத்தேன். வெறுங்கையோடு திரும்பினேன். ரிப்போர்ட்டைப் பீரோவில் ஒளித்து வைத்துவிட்டு, எல்.ஐ.சி. பாலிசிகளைத் தேடினேன். பத்து நாள் சரியான தூக்கமில்லை.

பிறகு டாக்டர் பார்த்துச் சொன்னது: வெறும் வாய்வு!

அன்று இரவுதான் தெரிந்தது. நான் கடனில் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்து, அடகு வைக்கத் தன் வளையல்களைக் கழற்றித் துணியில் முடிந்து வைத்திருந்தார் என் மனைவி. அவரும் தூங்கவில்லை.

நெஞ்சு வலித்தால் உடனே டாக்டரிடம் போங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். முடிந்தால் சேர்ந்தே போங்கள்.