கட்டுமான இடத்தில் காவல் காக்கும் கருவிகள்

சி ரூசா வட்டாரத்தில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் வீடுகள் எழுந்துள்ளன. போர்ட்டிக்சன் கடலோரம் நெடுகத் தங்கும் விடுதிகள் எழுந்துள்ளன. நம் பிள்ளைகளில் பலர் இன்று பால் வாளியைத் தூக்குவதில்லை. பாதுகாப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு கட்டுமான வேலைக்குப் புறப்படுகிறார்கள். அங்கே வரப்போகும் ஆபத்தை முன்னதாகவே தெரிவிக்கும் கருவிகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

தொட்டாற்சிணுங்கியை அறியாதவர் நம் தோட்டங்களில் இல்லை. கை பட்டதும் இலை மடங்கும். உணரி எனப்படும் கருவியும் ஏறக்குறைய அப்படித்தான். இரும்பு உத்திரத்தின் மேல் மெல்லிய உலோகத் தகடு ஒன்றை ஒட்டுகிறார்கள். பாரம் ஏறினால் உத்திரம் மயிரிழை அளவு சுருங்கும், அல்லது நீளும். நம் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் தகடும் கூடவே சுருங்கி நீளுவதால், அதில் ஓடும் மின்சாரத்துக்கு உள்ள தடை மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு பாரத்தைக் கணக்கிடுகிறார்கள். சாரமோ மண்சுவரோ சாய்வதைக் காட்டும் உணரியும் உண்டு.

என் குரல் இப்போது கம்பி இல்லாமல் உங்கள் வீட்டுக்கு வருகிறதல்லவா? அதே போல உணரியின் செய்தியும் வானலையில் ஏறி மேற்பார்வையாளரின் கைப்பேசிக்குப் போகிறது. பெரும்பாலான நேரம் கருவி உறங்கிக் கிடக்கும். குறித்த நேரத்தில் விழித்து, அளந்து, சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடும். அதனால் சிறிய பாட்டரியே நெடுநாள் தாங்குகிறது.

காற்றைச் சோதிக்கும் உணரியை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 விழுக்காடு பிராணவாயு. சாக்கடைக் குழியிலும் மூடிய தொட்டியிலும் அது குறைந்துவிடும். 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கருவி அலறும். அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயுவும் அங்கே தங்கும். நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அந்த வாயு மிகுந்தால் மூக்கின் உணர்வே மரத்துப் போகும். உள்ளே விழுந்தவனைத் தூக்க அண்ணன் இறங்குவான், அவனைத் தூக்க நண்பன் இறங்குவான். இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன.

சரி, கருவி இருந்தால் போதுமா? சிங்கப்பூரில் நடந்ததைக் கேளுங்கள். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், பிற்பகல் மூன்றரை மணி. நிக்கோல் நெடுஞ்சாலையின் ஓரத்தில், நிலத்தடி ரயில் பாதைக்காகச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருந்த பள்ளம் இடிந்து விழுந்தது. சாலையும் சேர்ந்து இறங்கியது. நால்வர் மாண்டனர். அங்கே சுவரின் அசைவை அளக்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. சுவர் எதிர்பார்த்ததை விட அதிகமாக வளைகிறது என்று அவை முன்பே காட்டின. வேலையை நிறுத்துவதற்குப் பதிலாக எல்லைக் கணக்கை உயர்த்திக்கொண்டார்கள்! அன்று காலையிலேயே உத்திரங்கள் முட்டுக் கொடுக்கும் இடத்தில் ஓசை கேட்டது, இரும்பு நெளிந்தது. பலப்படுத்த முயன்றார்களே தவிர, பள்ளத்தை விட்டு எல்லாரையும் வெளியேற்றவில்லை. கருவி கத்தினாலும் கேட்கும் காது மனிதனிடம்தானே இருக்கிறது?

நம் நாட்டிலும் 2017 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் கட்டுமான இடத்தில் மண் சரிந்து 11 பேர் உயிரிழந்தனர்.

தொப்பியிலும் கைப்பட்டையிலும் உணரி பொருத்தும் வழக்கமும் வந்திருக்கிறது. இயந்திரம் பின்னோக்கி வரும்போது ஆள் அருகில் இருந்தால் அது ஒலி எழுப்பும். நல்லதுதான். ஆனால் வேலையாள் எத்தனை முறை தண்ணீர் குடிக்கப் போனான் என்று எண்ணவும் அதையே பயன்படுத்தலாம். அப்படிச் செய்தால் பிள்ளைகள் அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள், நானும் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். மேலும், உயரத்திலிருந்து விழுபவனை எந்த உணரியும் பிடித்து நிறுத்தாது. தடுப்புக் கம்பியும் உடல் வாரும்தான் நிறுத்தும்.

பெற்றோர்களே, உங்கள் மகன் கட்டுமான வேலைக்குப் போகிறானா? சிஐடிபி அட்டை எடுத்தாயா, பெர்கெசோவில் உன் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். குழியில் இறங்கும் முன் காற்றைச் சோதித்தது யார், அபாய ஒலி கேட்டால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்றும் கேளுங்கள். முதலாளி கோபிப்பாரே என்று அவன் தயங்கலாம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்துள்ளது என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் அதை நீக்கவில்லையென்றால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. 26ஏ பிரிவு என்று பெயர் சொல்லியே அவன் கேட்கலாம்.