வெட்டுப்புள்ளிக்குக் கீழே ஒரு பிள்ளை



ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் நமது பள்ளிக்கூட வாசல்களைப் பாருங்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைகளின் படங்கள் பதாகையில் தொங்கும். நல்லது, பாடுபட்ட பிள்ளைகள். என் கவலையெல்லாம் அதற்குக் கீழால் தலைகுனிந்து உள்ளே போகும் மற்றப் பிள்ளைகளைப் பற்றியது. வயது பத்து. 200 புள்ளிக்கு ஒரு பரீட்சை. அதற்குள் "எனக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளையே சொல்கிறது! இதை அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? நாங்கள்தான்.

மட்டக்களப்பு வாவியோரம், படுவான்கரையில் ஒரு பொடியன். விடியப்புறம் தகப்பனோடு தோணியில் போய் வலை இழுத்துவிட்டுப் பிந்தி வருவான், வகுப்பில் தூங்குவான். மொக்கன் என்று கடைசி வாங்கில் இருத்திவிட்டார்கள். முகத்துவாரம் வெட்டினால் வாவித் தண்ணீர் எப்படி வடியும், இறால் எந்தப் பக்கம் இழுபடும் என்று அவன் எனக்கு மணலில் கோடு கீறி விளங்கப்படுத்தினான். விஞ்ஞானம் வேறென்ன?

"இத வகுப்பில சொன்னியா மனே?"

"என்னட்ட ஒண்டும் கேக்கிறல்ல சேர்."

ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளையை மாற்றுமா? 1968இல் ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பள்ளியொன்றில், எழுந்தமானமாக எடுத்த பெயர்களைக் கொடுத்து, இவர்கள் முன்னுக்கு வரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களை நம்பவைத்தார்கள். சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்களாம். அந்தக் கணக்கை மறுத்தவர்கள் உண்டு; விளைவு சிறியதென்று பின்னால் கண்டவர்களும் உண்டு. ஆனால் கெட்டிக்காரன் என்று நினைத்த பிள்ளையின் பதிலுக்கு நாங்கள் பொறுத்திருக்கிறோம், மற்றவன் வாய் திறக்குமுன் அடுத்தவனைக் கேட்கிறோம். இதற்கு ஆய்வு தேவையில்லை. பிள்ளைக்கு அது நன்றாக விளங்கும்.

காரைதீவில் பிறந்து, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பிய விபுலானந்த அடிகளை நினைக்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்துகொண்டே, திருவேட்களத்துச் சேரிப் பிள்ளைகளுக்கும் அவர் படிப்பித்தார். ஊர் ஒதுக்கிய பிள்ளைகளைத் தேடிப் போன ஆசிரியர் அவர். அவர் பள்ளி எழுப்பிய மண்ணில் நின்றுதான் நாங்கள் பத்து வயதுப் பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

ஆசிரியர்மாரே, தவணை முடிகிறது. தேர்ச்சி அறிக்கையில் 'கவனம் போதாது' என்று எழுதுமுன் அந்தப் பிள்ளை விடிய எத்தனை மணிக்கு எழும்புகிறது என்று கேளுங்கள். திங்கட்கிழமை முதற் கேள்வியைக் கடைசி வாங்கில் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்து நில்லுங்கள்.