வெள்ளைத் தாளும் மனமொத்த சம்மதமும்

(சந்தாபுராவில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஒப்பந்தம் என்றால் என்ன என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது காண்ட்ராக்டரின் முகந்தான்! ஆனால் ஒப்பந்தம் என்பது இருவர் சேர்ந்து செய்வது. அந்த இருவரில் ஒருவர் நாம். இதை நாம் மறந்துவிட்டோம். மறக்கடிக்கப்பட்டோம் என்பதே சரி.

வெள்ளைக்காரன் காலத்தில், 1872ஆம் ஆண்டில் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டந்தான் இன்றைக்கும் நடப்பில் உள்ளது. அதன் 13ஆவது பிரிவு சம்மதம் என்பதற்கு விளக்கம் சொல்கிறது. இருவரும் ஒரே விஷயத்தை, ஒரே பொருளில் புரிந்துகொண்டு ஒப்ப வேண்டும். அவ்வளவுதான். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் நான்கு தாள்களை நீட்டினார்கள். இரண்டு கன்னடத்தில், ஒன்று ஆங்கிலத்தில், ஒன்று வெறும் வெள்ளைத் தாள். எனக்குக் கன்னடம் கேட்டால் புரியும்; படிக்கத் தெரியாது. நான்கிலும் கையெழுத்துப் போட்டேன். எதை ஒப்புக்கொண்டேன்? இன்றுவரை எனக்குத் தெரியாது. 13ஆவது பிரிவை நான் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

அடுத்த பிரிவு இன்னும் முக்கியமானது. சம்மதம் சுதந்திரமானதாக இருக்க வேண்டும். மிரட்டியோ, ஏமாற்றியோ, பொய் சொல்லியோ, தன் கைக்குள் இருப்பவனை அழுத்தியோ வாங்கிய சம்மதம் சுதந்திரச் சம்மதம் அல்ல.

"யாரும் உன் கழுத்தில் கத்தி வைக்கவில்லையே, நீயாகத்தானே வந்தாய்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றமே விடை சொல்லியிருக்கிறது. 1982இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது நினைவிருக்கும். அதற்காக மைதானங்களும் மேம்பாலங்களும் கட்ட, வெளிமாநிலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைகளைக் கூட்டி வந்தார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு ரூ. 9.25. காண்ட்ராக்டர் அதை ஜமேதாரிடம் கொடுப்பார். ஜமேதார் தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு மிச்சம் ரூ. 8.25ஐ உழைத்தவன் கையில் வைப்பார். மக்கள் ஜனநாயக உரிமைக் கழகம் நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்கானது.

1982 செப்டம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. பசியும் வறுமையும் ஒருவனைக் குறைந்த கூலிக்குத் தள்ளினால் அதுவும் கட்டாயமே. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்றது நீதிமன்றம். "தவறு காண்ட்ராக்டருடையது, எங்களுக்குத் தொடர்பில்லை" என்று அரசு கைகழுவவும் விடவில்லை. இன்று 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தனியாக இல்லை. ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிறது. அதிலும் காண்ட்ராக்டர் கூலி கொடுக்காவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு. தொகுப்புச் சட்டத்தின் மற்றப் பகுதிகளைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

அந்த ஒரு ரூபாய்க்கு மறுபடி வருகிறேன். டில்லியில் அதைப் பிடித்தவர் ஜமேதார். பொம்மசந்திராவிலும் ஜிகணியிலும் அத்திப்பள்ளியிலும் அதைப் பிடிப்பவர் யார்? கோபித்துக்கொள்ளாதீர்கள், பல இடங்களில் நம் ஊர் மேஸ்திரிதான். நம் கல்யாணத்துக்கு மொய் எழுதியவர், நாம் மாமா என்று கூப்பிடுகிறவர். ஊரில் முன்பணம் கொடுத்துக் கூட்டி வருகிறார், கணக்கு முடியும்வரை வேறு இடம் போகக் கூடாது என்கிறார். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுவதை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தடுக்கிறது. கொத்தடிமைக் கடன் செல்லாது; திருப்பித் தரவும் வேண்டியதில்லை. முதலாளியை மட்டும் திட்டிவிட்டு மாமாவை விட்டுவிடுகிற சங்கம் நியாயம் பேசத் தகுதியற்றது. இதை மேடையில் சொன்னதற்காக என்னிடம் முகம் திருப்பிக்கொள்கிறவர்கள் திருப்பிக்கொள்ளட்டும்.

அரசாங்கமும் ஒப்பந்தத்தின் நடுவே விதியை மாற்றப் பார்த்ததுண்டு. 2016 பிப்ரவரியில், பி.எஃப். பணத்தில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று ஆணை வந்தது. ஏப்ரல் 18, 19 ஆகிய இரு நாட்களும் கார்மெண்ட்ஸ் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், நம் ஓசூர் சாலையையே நிறுத்தினார்கள். தடியடி நடந்தது, கண்ணீர்ப்புகை வீசினார்கள். 19ஆம் தேதியே ஆணை திரும்பப் பெறப்பட்டது. அது தங்கள் கூலியின் ஒரு பகுதி என்று அந்தப் பெண்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

முன் வரிசையில் இருக்கும் அக்கா ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார்: "வெள்ளைத் தாளில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று, இனி என்ன செய்வது?"

அக்கா, பயப்படாதீர்கள். ஏமாற்றி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்யும் உரிமை, ஏமாந்தவருக்கு 19ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் ஏமாந்தோம் என்று காட்ட வேண்டியவர் நீங்கள். எந்தத் தேதியில், யார் முன்னால், எத்தனை தாளில் போட்டீர்கள் என்று இன்று இரவே ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களோடு கையெழுத்துப் போட்டவர்களின் பெயரையும் எழுதுங்கள். சம்பளச் சீட்டு, வருகைச் சீட்டு, அடையாள அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். அந்த நோட்டோடு சங்கத்துக்கு வாருங்கள். தொழிலாளர் துறை அதிகாரிக்கு மனு எழுதுவோம். மனுவைக் கன்னடத்தில் எழுதுவோம். எழுதியதை உங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குவோம்.